கோசோவுக்குப் போகும்போது டிக்கெட் தேவையில்லை

கேள்வி: செப்டம்பரில் அம்மாவுடனும் பதினொரு வயது மகனுடனும் மால்டாவுக்குச் செல்கிறேன், ஸ்லீமாவில் தங்குகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஒரே நாளில், பேருந்திலும் ஃபெரியிலுமாக, கோசோ தீவையும் கொமினோ தீவின் ப்ளூ லகூன் கடற்கரையையும் பார்த்துத் திரும்ப முடியுமா? முன்பு சென்றுவந்த நண்பரிடம் கடற்கரையில் ஒருவர், "ஃபெரி டிக்கெட் காலையிலேயே தீர்ந்துவிடும், எங்கள் பேக்கேஜில் வாருங்கள்" என்று சொல்லிப் பணம் வாங்கினாராம். இது உண்மையா?

பதில்: உண்மையல்ல. இந்தப் பொய்யை நம்பி ஒவ்வொரு கோடையிலும் குடும்பங்கள் பணத்தை இழப்பதைப் பார்த்து வருகிறேன் என்பதால், உங்கள் முதல் கேள்விக்கு முன் இதற்கே பதில் சொல்கிறேன். மால்டாவின் வடமுனையான சிர்கெவ்வாவிலிருந்து கோசோவின் இம்ஜார் துறைமுகத்துக்குச் செல்லும் பெரிய ஃபெரி, வண்டிகளையும் மனிதர்களையும் இரவு பகலாக ஏற்றிச் செல்கிறது. நடந்து ஏறும் பயணிக்கு முன்பதிவும் கிடையாது, இருக்கை எண்ணும் கிடையாது. அது மட்டுமல்ல, போகும்போது யாரும் உங்களிடம் டிக்கெட்டே கேட்க மாட்டார்கள். நேராகக் கப்பலில் ஏறி அமரலாம். இருபத்தைந்து நிமிடங்களில் அக்கரை சேர்ந்துவிடும். திரும்பும்போது மட்டும் இம்ஜாரில் பணம் கட்ட வேண்டும், பெரியவர்களுக்கு 4.65 யூரோ, உங்கள் மகனுக்கு 1.15 யூரோ. போக வர இரண்டுக்கும் சேர்த்து அவ்வளவுதான். சிர்கெவ்வா போகும் வழியில் "ஃபெரி டிக்கெட்" என்று யார் எதை நீட்டினாலும் வாங்காதீர்கள்.

இந்த விதியில் ஒரு நுணுக்கம் உண்டு. அதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2021 முதல் மால்டாவின் தலைநகரான வல்லெட்டாவிலிருந்து இம்ஜாருக்கு 45 நிமிடங்களில் செல்லும் அதிவேகப் படகு ஒன்றும் ஓடுகிறது. இதற்கு ஒவ்வொரு திசைக்கும் தனிக் கட்டணம். எனவே, காலையில் பெரிய ஃபெரியில் போய் மாலையில் அதிவேகப் படகில் வல்லெட்டா திரும்பினால், பெரிய ஃபெரிக்கு நீங்கள் ஒரு காசும் கட்டியிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அதன் பணம் திரும்பும் வழியில்தான் வாங்கப்படுகிறது. மாறாக, காலையில் அதிவேகப் படகில் போய் மாலையில் பெரிய ஃபெரியில் திரும்பினால், அதன் 4.65 யூரோவையும் முழுதாகக் கட்ட வேண்டியிருக்கும். பாதிவழிதான் பயணம் செய்தோம் என்று வாதிடுவதால் பயனில்லை. இரண்டையும் கலந்து பயணம் செய்ய விரும்பினால் முதல் வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் காற்று பலமாக வீசும் நாளில் அதிவேகப் படகை நிறுத்திவிடுவார்கள். அது வந்து சேருவது வல்லெட்டாவின் கிராண்ட் ஹார்பர் பக்கம். ஸ்லீமாவுக்குச் செல்லும் சிறிய ஃபெரியோ நகரத்தின் எதிர்ப்புறத்தில், மார்சம்ஷெட் துறைமுகப் பக்கம் நிற்கிறது. முழங்கால் வலியுள்ள ஒருவரை இடையிலுள்ள மேட்டில் ஏற்றி இறக்குவது சரியல்ல. பாரக்கா லிஃப்ட் பாதித் தூரத்துக்கு உதவும், மீதியை நடந்துதான் கடக்க வேண்டும். உங்கள் அம்மாவை மனத்தில் வைத்துச் சொல்வதானால், இருவழியும் பெரிய ஃபெரியே நல்லது.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க வேண்டாம். "ஒரே நாளில் மூன்று தீவுகள்" என்று விற்கப்படும் பேக்கேஜ்களில் பெரும்பகுதி நேரம் படகிலேயே கழியும். கோசோவில் இறக்கிவிட்டு, மூச்சு வாங்குவதற்குள் திரும்ப அழைப்பார்கள். மேலும், 2025 கோடை முதல் ப்ளூ லகூனில் இறங்குவதற்கு முன்பதிவு செய்து கைப்பட்டை வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்துவிட்டது. அந்தப் பதிவுக்குக் கட்டணம் இல்லை, ஆகவே யாராவது அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொமினோவுக்கு வேறொரு நாளை ஒதுக்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள்; நிழல் அரிதான அந்தப் பாறைக்கரையில் உங்கள் அம்மாவுக்கு வேலை ஒன்றுமில்லை.

ஸ்லீமாவிலிருந்து 222 எண் பேருந்து சிர்கெவ்வா செல்கிறது. விடுதிக்கு அருகிலுள்ள நிறுத்தத்தில் காத்திருக்காமல், புறப்படும் இடமான ஸ்லீமா ஃபெரீஸுக்கே போய் ஏறுங்கள். கோடையில் அது வழியிலேயே நிரம்பிவிடும். நிரம்பிய வண்டி, நீங்கள் கை காட்டினாலும் நிற்காமல் போய்விடும். வயதான தம்பதியர் வெயிலில் நின்று மூன்று வண்டிகளை அப்படித் தவறவிட்டதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். உள்ளூர்வாசிகளுக்கு 2022 அக்டோபர் முதல் அட்டையைக் காட்டினால் பயணம் இலவசம். அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் கூட்டத்தைக் கூட்டிவிட்டு அதற்கேற்ற வண்டிகளை விடாதிருப்பது என்ன நியாயம்? ஃபெரி வந்து சேரும் நேரத்துக்கும் பேருந்து புறப்படும் நேரத்துக்கும்கூட ஒத்திசைவு இல்லை. இரு தீவுகளையும் இணைக்கக் கடலுக்கடியில் சுரங்கப்பாதை அமைக்க 2019இல் நாடாளுமன்றமே ஒப்புதல் அளித்தது. இருக்கிற கப்பலுக்கும் பேருந்துக்கும் ஒரே கால அட்டவணை போடுவது அதைவிட எவ்வளவோ எளிய வேலை.

கோடையில் பேருந்து டிக்கெட் 2.50 யூரோ, இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும் அதுவே செல்லும். ஒரு நாள் பயணத்துக்காக ஏழு நாள் அட்டையை வாங்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். பேருந்தும் ஃபெரியும் சேர்த்து, பெரியவர் ஒருவருக்கு அன்றைய செலவு ஏறத்தாழ 17 யூரோவில் அடங்கும்.

வழி கேட்கும்போது ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். இம்ஜார் என்ற பெயரில் மால்டா தீவிலேயே ஓர் ஊர் உண்டு; துறைமுகமில்லாத உள்நாட்டு ஊர் அது. கைபேசியில் பெயரைத் தட்டி, காட்டும் பேருந்தில் ஏறி அங்கே போய் இறங்கியவர்கள் பலர். அவ்வாறே, கோசோவின் தலைநகரான விக்டோரியாவை ஊர்க்காரர்கள் ராபாட் என்றே சொல்வார்கள்; மால்டாவிலும் ஒரு ராபாட் இருக்கிறது. கேட்கும்போது தீவின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இம்ஜாரில் இறங்கியவுடன், "அடுத்த பேருந்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்" என்று சொல்லி வாடகை வண்டிக்கு அழைப்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பதில் சொல்லாமல் நிறுத்தத்துக்குப் போய் அட்டவணையை நீங்களே பாருங்கள். 301, 303, 323 ஆகியவை விக்டோரியா செல்கின்றன. அங்கிருந்து 307இல் ஷாரா என்ற ஊருக்குச் சென்று, மதிய உணவுக்கு முன்பே ஜகன்தியா கோயில்களைப் பார்த்துவிடுங்கள். கி.மு. 3600 வாக்கில், உலோகக் கருவி எதுவும் இல்லாத மக்கள் ஐந்து மீட்டருக்கும் உயரமான கற்களை நிறுத்திக் கட்டியவை அவை. நடைபாதை அமைத்திருப்பதால் அம்மா மெதுவாக நடந்துவிடலாம். பிற்பகலில் விக்டோரியா திரும்பி, சிட்டாடெல் கோட்டையின் மதில்மேல் நடந்து பாருங்கள், அதற்குக் கட்டணமில்லை. 1551இல் ஒட்டோமான் படை இத்தீவின் மக்களில் ஏறத்தாழ ஐயாயிரம் பேரை அடிமைகளாகப் பிடித்துச் சென்றது. அந்த அச்சம் நீடித்ததால் 1637 வரை ஊர்மக்கள் இரவில் இந்தக் கோட்டைக்குள்தான் உறங்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. மதில்மேல் நின்று பார்த்தால் தீவு முழுவதும் கண்ணுக்குள் அடங்கும். உங்கள் மகனுக்கு இந்தக் கதையை அங்கே நின்று சொல்லுங்கள்.

கோசோவின் மேற்குக் கரையில் உள்ள த்வெய்ராவின் பாறை வளைவைக் காட்டும் படத்தோடு யாராவது சுற்றுலா விற்றால், அவரிடம் எதையுமே வாங்க வேண்டாம். அந்த வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது. அங்கே 'உள்கடல்' எனப்படும் சிறு கடற்குளமும் படகுச் சவாரியும் இன்றும் உண்டு, ஆனால் தரை கரடுமுரடானது. முழங்கால் வலியுள்ளவருக்கு ஏற்றதல்ல.

மாலை ஐந்து மணிக்குள் இம்ஜார் வந்து, முனையக் கட்டடத்தில் உள்ள கவுன்டரில் மட்டும் டிக்கெட் வாங்குங்கள். சிர்கெவ்வாவில் கப்பல் நின்றதும் எல்லோரும் பேருந்தை நோக்கி ஓடுவார்கள். நீங்கள் ஓட வேண்டாம். ஸ்லீமா திரும்பும் 222 புறப்படும் இடமே அதுதான், ஆகவே அடுத்த வண்டிக்கு வரிசையின் முன்னால் நின்றால் அம்மாவுக்கு இருக்கை கிடைத்துவிடும்.