மழை விட்டதும் அவரையில் அசுவினி ஏன்?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மொட்டை மாடியில் அவரை, காராமணி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் ஒரு பூச்சி கிடையாது. மார்கழி பிறந்ததும் கொழுந்தெல்லாம் கறுப்பாக அப்பிக்கொள்கிறது. எந்தத் தேதியில் மருந்து அடிக்கலாம்? மதுராந்தகத்தில் தம்பியின் கோடை உளுந்துக்கு இந்தத் தொல்லை இல்லை, மஞ்சள் நோய்தான் வருகிறது, அது ஏன்?"

தேதி சொல்ல முடியாதுங்க. வடகிழக்குப் பருவமழை ஒரு வருடம் கார்த்திகையோடு ஓய்ந்துவிடும், இன்னொரு வருடம் மார்கழி வரை இழுக்கும். கொழுந்தில் அப்பிச் சாறு உறிஞ்சும் அந்தக் குட்டிப் பூச்சிதான் கருப்பு அசுவினி, அந்த ஓய்வுக்குத்தான் அது காத்திருக்கிறது. அடைமழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும், செடி சுத்தமாக இருந்தது அதனால்தான். மழை விட்டதும் தண்ணீர் குடித்த கொடி இளங்கொழுந்தாக விட்டுத் தள்ளும், பகலில் மப்பு, விடியலில் பனி, அசுவினிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆண் துணைகூடத் தேவையில்லை, பெண் பூச்சி நேராகக் குட்டி போடும், அந்தக் குட்டியும் ஒரு வாரம் பத்து நாளில் போட ஆரம்பித்துவிடும். அதைத் தின்னும் பொறிவண்டையும் மழை விரட்டியிருக்கும், அது திரும்பி வந்து பெருகுவதற்குள் கொடி கறுத்துவிடுகிறது.

அதனால் மழை விட்ட இரண்டு மூன்று நாளிலிருந்தே காலைக் காபியோடு மாடிக்குப் போய்க் கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். எறும்பு வரிசையாக ஏறினாலே சந்தேகப்படலாம், அசுவினி கழிக்கும் தித்திப்பை நக்கத்தான் வருகிறது. பத்துப் பூச்சியாக இருக்கும்போதே விரலால் நசுக்குங்கள், இல்லையென்றால் ஹோஸில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மழை செய்த வேலைதான் அது. மிஞ்சினால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலத்தில் மட்டும். குட்டி முதலை மாதிரி கறுப்பாக, ஆரஞ்சுத் திட்டோடு ஒன்று ஊர்ந்தால் அது பொறிவண்டின் புழு. பலர் பயந்துபோய் அதைத்தான் முதலில் கொல்கிறார்கள்! அப்புறம், மீன் அமிலத்தை (மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்துச் செய்யும் திரவ உரம்) அந்த மாதம் குறையுங்கள், தழைச்சத்து கூடினால் கொழுந்து இன்னும் இளசாகி அசுவினியைக் கூப்பிடும்.

பூக்கும் நேரத்தில் மூட்டமும் தூறலுமாக இருந்தால் புள்ளிக் காய்ப்புழு வரும். பூவையும் பிஞ்சையும் நூலால் பிணைத்து உள்ளே உட்கார்ந்திருக்கும், மருந்து சரியாக எட்டாது, கொத்தோடு கிள்ளி எறியுங்கள்.

தம்பி வயலில் கதை வேறு. காய்ந்த வெயிலில் பெருகுவது வெள்ளை ஈ, மஞ்சள் தேமல் வைரஸைச் செடிக்குச் செடி அதுதான் கடத்துகிறது. பிடித்த செடி தேறாது. அடுத்த முறை தேமலைத் தாங்கும் வம்பன் 8 ரக உளுந்து போடச் சொல்லுங்கள், வெள்ளை ஈ வந்து ஒட்டிக்கொள்ளும் பசை தடவிய மஞ்சள் அட்டை, அதாவது மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கச் சொல்லுங்கள், முதல் மஞ்சள் இலை தெரிந்த அன்றே அந்தச் செடியைப் பிடுங்கிவிடச் சொல்லுங்கள்.