அமெரிக்க நகர மையங்களில் கடை திறக்கும் கறுப்பினத்தவருக்கென்றே தனி மானியம் உண்டா?

மானியம் தருபவர்கள் முன்பு வெளிப்படையாகவே அறிவித்தார்கள், இப்போது தயங்குகிறார்கள். காரணம், அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் வழக்கு. கறுப்பினப் பெண்களின் சிறு தொழில்களுக்கு 20,000 டாலர் மானியம் தந்துவந்த நிறுவனம் அது. இன அடிப்படையிலான சலுகைகளை எதிர்த்து வழக்காடிவரும் எட்வர்ட் பிளம் தலைமையிலான அமைப்பு 2023 ஆகஸ்டில் வழக்குத் தொடுத்தது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மானியத்துக்குத் தடை விதித்தது. செப்டம்பரில் சமரசம் ஆகி, திட்டமே மூடப்பட்டது. வழக்குக்குக் கைகொடுத்தது 1866-ஆம் ஆண்டுச் சட்டம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களும் வெள்ளையரைப் போலவே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று இயற்றிய அதே சட்டம்தான்! மானியமும் ஓர் ஒப்பந்தமே, அதில் இனம் பார்க்கக் கூடாது என்பது பிளம் தரப்பின் வாதம்.

எனவே இனத்தைச் சொல்லாமல் இடத்தைச் சொல்லும் திட்டங்களைத் தேடுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் 2023-இல் தொடங்கிய திட்டத்தில், நகர மையத்தின் காலிக் கடைகளுக்கு முதல் மூன்று மாதம் வாடகை இல்லை.

விதிமுறைகளில் ஒரு வரியைக் கட்டாயம் படியுங்கள். பல மானியங்கள், செலவழித்துவிட்டு ரசீதைக் காட்டினால்தான் பணம் தரும். குழாய் வேலை, மின் இணைப்பு, பெயர்ப்பலகை எல்லாம் முதலில் உங்கள் கைப்பணத்தில்தான். வங்கிக் கடன் எளிதில் கிடைக்காதவருக்கு இது பெரிய முட்டுக்கட்டை. என்னைக் கேட்டால், முன்பணமாகத் தரும் பத்தாயிரம் டாலர், பிறகு தரும் இருபதாயிரத்தைவிட மேல்.