மாப்பிள்ளை மட்டும் தயங்கினால் போதுமா?

கேள்வி: ரீஜென்சி காலத்து (பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கம்) இங்கிலாந்தில் நடக்கும் காதல் தொடர்கதை ஒன்று எழுதி வருகிறேன். கதாநாயகன் 34 வயது ஏர்ல், அதாவது பரம்பரைப் பட்டம் உள்ள பிரபு. முதல் காதலில் ஏமாந்தவர் என்பதால் கல்யாணமே வேண்டாம் என்கிறார். கதாநாயகி 29 வயது முதிர்கன்னி. கிராமத்தில் அத்தை வீட்டை விட்டு வெளியே போகாதவள். 1816 ஜூன் மாதம், ஒரு விருந்தின்போது, நிலா வெளிச்சத்தில் தோட்டத்தில் இருவரும் தனியாக நிற்பதை நாலு பேர் பார்த்துவிடுகிறார்கள். வேறு வழியில்லாமல், மாலையில் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் திருமணம். கல்யாணத்துக்கு அப்புறம் கதை நகரவே மாட்டேன் என்கிறது. படிக்கும் தோழிகள், "அவள் ஏன் அவரைக் காதலிக்கிறாள் என்றே புரியவில்லை" என்கிறார்கள். எங்கே தவறு?

– ஒரு வாசகி, திண்டுக்கல்.

பதில்: தோழிகள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள். உங்கள் கதையில் ஏர்ல் மட்டும்தான் தயங்குகிறார். அவளுக்கு 29 வயது ஆகிவிட்டது, ஒரு பிரபு கிடைத்தார், உடனே சம்மதித்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லாதவள் சரி என்று சொன்னால் அதில் என்ன சுவாரசியம் இருக்கிறது?

அதற்குப் போகுமுன் இரண்டு சில்லறைத் திருத்தங்கள். முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததில், 1816-இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. குளிர், ஓயாத மழை, பயிரெல்லாம் நாசம். மெல்லிய மஸ்லின் கவுனோடு அந்த ஜூன் ராத்திரியில் தோட்டத்துக்குப் போனவளுக்குக் காதல் வராது, சளிதான் பிடிக்கும். ஆனால் வருஷத்தை மாற்றாதீர்கள். விருந்துக்கு வந்தவர்கள் மழையில் ஊர் திரும்ப முடியாமல் ஒரே வீட்டில் நாள் கணக்கில் மாட்டிக்கொள்வது தோட்டத்தை விட நல்ல ஏற்பாடு.

அடுத்தது திருமண நேரம். அன்றைய இங்கிலாந்துத் திருச்சபை விதிப்படி காலை எட்டு மணியிலிருந்து நண்பகல் பன்னிரண்டுக்குள் தேவாலயத்தில் கல்யாணம் முடிந்துவிட வேண்டும். 1753-இல் வந்த சட்டத்தின்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டும், அல்லது பிஷப்பிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். நேரமும் இடமும் நம் இஷ்டம் என்றால் கேண்டர்பரி ஆர்ச்பிஷப் தரும் சிறப்பு லைசென்ஸ் வேண்டும். ஏர்லுக்கு அது கிடைத்துவிடும் என்பதால் மெழுகுவர்த்தியைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் அது வேண்டுமா என்று யோசியுங்கள்.

சரி, ஏர்லின் தயக்கத்துக்கு வருவோம். முதல் காதல் ஏமாற்றம் என்பது படித்துப் படித்து அலுத்துப்போன காரணம். அவருடைய வரவு செலவைப் பாருங்கள். பெரிய குடும்பத்து நிலம் அநேகமாக செட்டில்மெண்ட் பத்திரத்தில் கட்டுண்டிருக்கும். பட்டத்துக்கு வந்தவர் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம், விற்க முடியாது. மகன் பிறந்து, அவனுக்கு 21 வயதாகி, அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் அந்தக் கட்டை அவிழ்க்க முடியும்.

உங்கள் ஏர்லுக்குக் குத்தகை வருமானம் ஆண்டுக்கு 8,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஊர் கண்ணுக்கு அவர் குபேரன். ஆனால் பாட்டி இன்னும் உயிரோடு இருக்கிறார். விதவைக்கான ஜாயின்ச்சர் தொகை அவருக்கு ஆண்டுக்கு 1,000. அம்மாவுக்கு 1,500. இரண்டு தங்கைகளுக்கு அப்பா எழுதிவைத்த சீதனம் தலைக்கு 10,000. கொடுக்கும்வரை ஐந்து சதவீத வட்டி, அதாவது இன்னொரு 1,000. அப்பா சீட்டாட்டத்துக்காக வாங்கிய 40,000 பவுண்டு அடமானக் கடனுக்கு வட்டி 2,000. மிச்சம் 2,500. அதில்தான் அந்த மாளிகையின் கூரை, குதிரைகள், வேலைக்காரர்கள் எல்லாம். போதாக்குறைக்கு, நெப்போலியன் போர் முடிந்ததும் தானிய விலை சரிந்து குத்தகைக்காரர்கள் பாக்கி வைக்கிறார்கள்.

இந்த மனிதர் கல்யாணம் செய்தால் நிலத்தின் மேல் இன்னொரு ஜாயின்ச்சர் ஏறும். ஆயிரம் பவுண்டு சீதனத்துக்கு ஆண்டுக்கு நூறு பவுண்டு என்பது அன்றைக்குப் பேசப்பட்ட பொதுக் கணக்கு. ஆகவே அவருக்கு முன்னால் இரண்டே வழிதான்: 30,000 பவுண்டோடு ஒரு வியாபாரி மகளைப் பிடிப்பது, அல்லது பிரம்மச்சாரியாகவே இருந்து பட்டத்தைத் தம்பியிடம் விட்டுவிடுவது. முதல் வழி அவருக்கு அருவருப்பாக இருக்கிறது, இரண்டாவதை அம்மா விடமாட்டார். இதைவிட நல்ல தயக்கம் உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

இப்போது அவள். 29 வயது என்பது அன்றைக்குக் கொஞ்சம் தாமதம்தான். பெண்கள் சராசரியாக 23, 24 வயதில் கல்யாணம் செய்துகொண்டார்கள். கல்யாணச் சந்தையிலிருந்து ஒதுங்கியதற்கு அடையாளமாகத் தலையில் லேஸ் தொப்பி ஏறியிருக்கும். (தினமும் முடி சுருட்டும் வேலை மிச்சம் என்று அதை நிம்மதியாகப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு.) ஆனால் இருபத்தொரு வயது தாண்டிய, கல்யாணமாகாத பெண்ணுக்குச் சட்டத்தின் கண்ணில் தனி அந்தஸ்து இருந்தது. தன் பெயரில் பணம் வைத்துக்கொள்ளலாம், ஒப்பந்தம் போடலாம், வழக்குத் தொடரலாம். கல்யாணம் நடந்த நிமிஷமே அதெல்லாம் போய்விடும். கையில் இருக்கும் பணம் கணவனுடையதாகிவிடும். பிள்ளை பிறந்தால் அதன் மேல் சட்டப்படி உரிமை அப்பாவுக்குத்தான். விவாகரத்து வேண்டுமானால் பார்லிமெண்டில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டும். மனைவிக்குச் சொத்துரிமை தரும் முதல் சட்டம் 1870-இல்தான் வந்தது.

ஆகவே அவளுக்கு ஒரு 10,000 பவுண்டு கொடுங்கள். அரசுக் கடன் பத்திரத்தில் போட்டால் ஆண்டுக்கு நானூறு, ஐந்நூறு வரும். பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஒரு கவர்னஸ் முப்பது நாற்பது பவுண்டுக்கு வருஷம் முழுக்க உழைத்த காலம் அது. அத்தையோடு வாழ இந்த வருமானம் தாராளம். பணம் எங்கிருந்து வந்தது என்றால், நம் பக்கத்திலிருந்தே கொடுக்கலாம்: மதராஸில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்து, ஆற்காடு நவாபுக்கு அநியாய வட்டிக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த ஒரு பெரியப்பா. அந்தக் கடன் விவகாரம் 1785-இல் பார்லிமெண்டிலேயே நாறியது. வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத பணம் கதைக்கு எப்போதும் நல்லது.

இப்போது பாருங்கள். அவருக்குக் கல்யாணம் செய்தால் கடன் ஏறும். அவளுக்குக் கல்யாணம் செய்தால் கையில் இருப்பது எல்லாம் போகும். இருவரும் தயங்குகிறார்கள், இருவரிடமும் நியாயம் இருக்கிறது. அதுவும் 10,000 அவருடைய கடனை அடைக்கப் போதாது. அவள் பணத்துக்காக வருகிறார் என்று அவளாலும் முழுதாக நம்ப முடியாது, இல்லை என்றும் தள்ள முடியாது.

நிஜத்தில் இது எப்படிப் போயிற்று என்பதற்கு அந்தக் காலத்திலேயே இரண்டு கல்யாணங்கள் இருக்கின்றன. முதலாவது கவிஞர் பைரன் பிரபுவுடையது. கடனில் மூழ்கிய பிரபு. பெண் ஆனபெல்லா மில்பேங்க், ஒரே மகள், கணிதத்தில் ஆர்வம் உள்ளவள், பொத்திப் பொத்தி வளர்க்கப்பட்டவள். 1812-இல் முதல் தடவை கேட்டபோது மறுத்தவள், 1814 செப்டம்பரில் சம்மதித்தாள். சம்மதம் கிடைத்த பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதையே தள்ளித் தள்ளிப் போட்டார். கூடப் போன நண்பர் ஹாப்ஹவுஸ், அவசரமே இல்லாத இப்படி ஒரு காதலனைப் பார்த்ததில்லை என்கிற மாதிரி டைரியில் குறித்துவைத்தார். சிறப்பு லைசென்ஸ் வாங்கி, 1815 ஜனவரி 2-ஆம் தேதி, சீஹாமில் பெண் வீட்டு வரவேற்பறையிலேயே கல்யாணம். மண்டியிடப் போட்ட மெத்தை கடினமாக இருந்தது என்று மாப்பிள்ளை கடிதத்தில் புலம்பினார். கடன்காரர்கள் அனுப்பிய அமீனா லண்டன் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தார். டிசம்பரில் மகள் பிறந்தாள். அடுத்த மாதமே ஆனபெல்லா கைக்குழந்தையோடு பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் குழந்தைதான் பின்னாளில் கணினி வரலாற்றில் பேசப்படும் ஏடா லவ்லேஸ்.

"வேறு வழியில்லாத கல்யாணம்" என்ற உங்கள் ஏற்பாட்டுக்கும் இதில் விடை இருக்கிறது. தோட்டத்தில் பார்த்துவிட்டார்கள் என்பதற்காக எந்தச் சட்டமும் யாரையும் கட்டிவைக்கவில்லை. ஆனால் நிச்சயம் செய்துவிட்டு ஆண் பின்வாங்கினால் பெண் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், அவன் மரியாதையும் கப்பலேறும். பெண் மனம் மாறினால் ஊர் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடும். அதாவது நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் இடையில் கதவைத் திறந்துகொண்டு போகும் உரிமை அவளிடம்தான் இருக்கிறது. அந்த இடைவெளியை நீங்கள் ஒரே அத்தியாயத்தில் தாண்டிப் போய்விட்டீர்கள். கதை நின்றுபோனதற்கு அதுதான் காரணம்.

இரண்டாவது கல்யாணம் எனக்கு மிகவும் பிடித்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மகள் எலிசபெத். அப்பாவுக்குச் சித்தம் கலங்கிய பிறகு, அம்மா பெண்களை வின்ட்ஸரில் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். கல்யாணப் பேச்சு எடுத்தாலே வீட்டில் சண்டை. 1818 ஏப்ரலில், 47 வயதில், எலிசபெத் ஹெஸ்ஸே-ஹோம்பர்க் என்ற சின்னஞ்சிறு ஜெர்மன் சமஸ்தானத்து இளவரசர் ஃப்ரீட்ரிஷை மணந்தார். அவர் போர்க்களத்தில் வயதான சிப்பாய். எந்நேரமும் வாயில் பைப், உடம்பெல்லாம் புகையிலை வாடை என்று லண்டன் கேலி செய்தது. அவருக்குத் தேவை பணம், இவருக்குத் தேவை விடுதலை. அதை இரண்டு பேரும் மறைக்கவில்லை. எலிசபெத்தின் பணத்தில் ஹோம்பர்க்கின் கடன்கள் குறைந்தன, அரண்மனை செப்பனிடப்பட்டது, தோட்டங்கள் வந்தன. 1829-இல் ஃப்ரீட்ரிஷ் இறக்கும்வரை அது சந்தோஷமான குடும்பம்.

பைரனிடம் கவர்ச்சி இருந்தது, கணக்கு இல்லை. ஹோம்பர்க்கில் கணக்கிலிருந்து தொடங்கினார்கள். உங்கள் ஏர்லுக்குக் கொஞ்சம் பைரன் முகம் இருக்கட்டும், ஆனால் ஹோம்பர்க் வழியில் நடக்கவிடுங்கள்.

எப்படிப் பழகுவார்கள் என்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வது அன்று பெரிய தப்பு. ஆனால் தபால் செலவைக் கடிதம் பெறுபவர்தான் கொடுக்க வேண்டியிருந்த அந்தக் காலத்தில், பிரபுக்கள் சபை உறுப்பினரின் கையெழுத்து உறையில் இருந்தால் கடிதம் இலவசமாகப் போகும். மோசடியைத் தடுக்க, முழு முகவரியையும் தேதியையும் அவரே தன் கையால் எழுத வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துக் கடிதம்தான் அனுப்பலாம். மழையில் மாட்டிக்கொண்ட வீட்டில் இந்தச் சிக்கனக்கார அத்தை சும்மா இருப்பாரா? "மை லார்ட், தயவுசெய்து" என்று குடும்பத்துக் கடிதங்களையெல்லாம் அவர் முன்னால் குவிப்பார். ஏர்ல் வேண்டாவெறுப்பாக ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வருகிறார். வெளியுலகமே தெரியாதவள் என்று எல்லோரும் சொன்ன அந்தப் பெண்ணின் கடிதங்கள் லண்டனில் ஒரு பங்குத் தரகருக்குப் போகின்றன. ஒன்றல்ல, மூன்று. அவர் நிமிர்ந்து பார்க்கிறார். அவள் தன் தையலைப் பார்க்கிறாள்.

வீட்டுக்குள் வளர்ந்தவள் என்றால் அசடு என்று எழுதாதீர்கள். தேயிலைப் பெட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கறிக்காரன் கணக்கை ஷில்லிங் பென்ஸ் வரை பார்த்து வீடு நடத்தும் பெண்ணுக்குப் பண விஷயம் ஏர்லைவிட நன்றாகத் தெரியும். அவளுக்குத் தெரியாதது லண்டனும் நடனமும்தான்.

அப்புறம் அந்த மெழுகுவர்த்திக் கல்யாணத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வக்கீல் அறையை வையுங்கள். மனைவியின் பணம் கணவன் கைக்குப் போகாமல் இருக்க அன்று ஒரே வழி, கல்யாணத்துக்கு முன்பே அதை டிரஸ்டிகளிடம் ஒப்படைத்து, அவளுடைய தனி உபயோகத்துக்கு என்று பத்திரம் எழுதுவது. அதிலும் புத்திசாலி வக்கீல்கள் இன்னொரு ஷரத்து சேர்ப்பார்கள்: அசல் தொகையை அவளே விரும்பினாலும் எடுத்துக்கொடுக்க முடியாது. கணவன் கொஞ்சிக் கேட்டாலும் சரி, மிரட்டிக் கேட்டாலும் சரி. இந்த ஷரத்தை எழுதச் சொல்லிப் பெண் வீட்டார்தான் மன்றாடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள். உங்கள் கதையில் ஏர்லே அதைக் கேட்கட்டும். கூரை ஒழுகும் வீட்டுக்காரர், 10,000 பவுண்டை என் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள் என்று சொல்லும்போது, அவருடைய வக்கீல் பேனாவை வைத்துவிட்டு, "மை லார்ட், சரியாகத்தான் சொல்கிறீர்களா?" என்று கேட்கட்டும். அதைக் கேட்டுக்கொண்டு அவளும் அதே அறையில் இருக்கட்டும். அதற்கு மேல் "உன்னைக் காதலிக்கிறேன்" என்ற வசனம்கூடத் தேவைப்படாது.

மிச்சக் கடனை அவர் எப்படி அடைப்பார் என்று தோழிகள் நிச்சயம் கேட்பார்கள். லண்டன் மாளிகையை வாடகைக்கு விடலாம், வேட்டை நாய்களை விற்கலாம், கணக்குப் புத்தகத்தை அவளிடமே கொடுக்கலாம். நாலைந்து அத்தியாயத்துக்கு அது தாங்கும். அவசரப்பட்டுப் பாட்டியைச் சாகடித்து அந்த ஆயிரம் பவுண்டை மிச்சப்படுத்திவிடாதீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் மாமியாரை எதிர்த்துப் பேச அவளுக்கு ஓர் ஆள் வேண்டும்.