ஷேக்ஸ்பியரில் ஏன் "மை குட் லார்ட்" என்று வராமல் "குட் மை லார்ட்" என்று வருகிறது? அதை எப்படி உச்சரிப்பது?

இது அச்சுப்பிழையில்லை. "மை லார்ட்" என்பது அன்று ஏறக்குறைய ஒரே சொல்லாக இறுகிவிட்டது. பிரெஞ்சில் "மோன்" (என்), "சியர்" (பிரபு) இரண்டும் சேர்ந்து "மொஸ்யே" ஆனதையோ, தமிழில் "எந்தை"யையோ நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய சொல்லைப் பிரிக்க முடியாததால் அடைமொழி அதற்கு முன்னால் போய் நிற்கிறது. ஆனால் இது நேரில் விளிக்கும்போதுதான். ஒருவரைப் பற்றிப் பேசும்போது வழக்கமான வரிசைதான் வரும். விளியிலும் "மை குட் லார்ட்" உண்டு. யாப்புக்கு எது பொருந்துகிறதோ அது.

உச்சரிப்பில் பலர் தவறுவது "மை"யை அழுத்திச் சொல்வதில். அங்கே அழுத்தமே கிடையாது. "மி" என்று குறுக்கிவிடலாம். ஜூலியட் தாயிடம் கெஞ்சும் வரியைப் பாருங்கள்: "ஓ, ஸ்வீட் மை மதர், காஸ்ட் மீ நாட் அவே". 10 அசைகள், 2, 4, 6, 8, 10-இல் அழுத்தம். ஸ்வீட் 2-ஆவது, மதரின் முதல் அசை 4-ஆவது. இடையில் சிக்கிய "மை"யை அழுத்தினால் மூன்று அழுத்தங்கள் அடுத்தடுத்து மோதும், வரி நொண்டும். ஹாம்லெட்டில் ஒஃபீலியா அண்ணனை அழைக்கும் "குட் மை பிரதர்" என்பதிலும் இதே கதிதான்.

ஒத்திகையில் முதலில் "மை"யை விட்டுவிட்டு "ஸ்வீட்… மதர்" என்று தட்டிப் பாருங்கள். பிறகு அந்த இடைவெளியில் "மி"யை மெல்ல நுழையுங்கள்.