பாரத்தில் என்ன எழுதுவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன், வயது 20. ராணுவத்துக்கு மனு போட்டிருந்தேன், அடுத்த மாதம் மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் எனக்கு இழுப்பு, அதாவது ஆஸ்துமா, இருந்தது. 11 வயதுக்குப் பிறகு வரவில்லை, இப்போது பந்து விளையாடுகிறேன். நிரப்பிக் கொடுக்க வேண்டிய மருத்துவப் பாரத்தில் முன்பு ஆஸ்துமா இருந்ததா என்று ஒரு கேள்வி. ‘இல்லைன்னு போடு, யாருக்குத் தெரியப்போகுது’ என்கிறார் மாமா. நம் தமிழ்ப் பிள்ளைகள் சேர்வதே குறைவு, இதையும் எழுதினால் கழித்துவிடுவார்கள் என்று அம்மா பயப்படுகிறார். என் தாத்தா அவசரகாலத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தவர், எனக்கும் சீருடை போட ஆசை. என்ன செய்யட்டும்? பெயர் போட வேண்டாம்.

ச.

அன்புள்ள தம்பி,

எழுது. ‘இருந்தது’ என்று எழுது, எந்த வயதில் நின்றது என்பதையும் எழுது.

தாத்தாவைப் பற்றிப் பெருமைப்படு. 1948 ஜூன் 16ஆம் தேதி நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்ற பிறகு அவசரகாலம் வந்தது, தோட்டக் காவலுக்கு ஆள் எடுத்தார்கள், அவரும் அப்படிப் போனவராக இருக்கும். ஆனால் அவர் மார்பு வேறு, உன் மார்பு வேறு. நம் பிள்ளைகள் சேர்வது குறைவு என்பது தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம், அதை இந்தப் பாரத்துக்குள் இழுத்து வராதே.

என்னை உறுத்துவது உன் மாமா சொன்னதுதான். நம் ஆட்கள் ஏன் நோயைத் திருட்டுப் பொருள் மாதிரி ஒளித்து வைக்கிறோம் என்று கொஞ்ச காலமாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் அத்தை செம்பனைத் தோட்டத்தில் களைக்கு மருந்தடித்தவர். முதுகில் பம்பு, முகத்தில் நனைத்துக் கட்டிய துண்டு, பாதுகாப்பு என்றால் அவ்வளவுதான். பாராகுவாட் என்ற களைக்கொல்லி இந்த நாட்டில் தடையானதே 2020இல்தான். அவருக்கு இழுப்பு உண்டு, அது வீட்டில் எங்களுக்குத் தெரியும், லயத்தில் வேறு யாருக்கும் தெரியாது. நீல நிற இன்ஹேலரை வெற்றிலைப் பைக்குள் சுண்ணாம்பு டப்பாவுக்குக் கீழே வைத்திருப்பார். மூச்சு முட்டினால் ஒதுங்கப் போகிற மாதிரி போய் இரண்டு தடவை இழுத்துவிட்டு, உடனே வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வருவார். வாய் மென்றுகொண்டிருந்தால் யாரும் மூச்சைக் கவனிக்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்கும்போது, வேலை வாங்குகிற மண்டோருக்குச் சந்தேகம் வந்தால் அன்றைக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்காது, அப்புறம் அந்த வேலையே இருக்காது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஒருநாள் இடுப்பு வலி என்று ஒரு கிளினிக்குக்குப் போனார். இழுப்பு உண்டா என்று கேட்டார்கள். கேட்டார்கள் தம்பி, கேட்காமல் ஊசி போடவில்லை. பக்கத்து நாற்காலியில் மண்டோர் மனைவி உட்கார்ந்திருந்தார். அத்தை ‘இல்லை’ என்றார். வலி ஊசி போட்டு அனுப்பினார்கள். வீடு வந்த கொஞ்ச நேரத்தில் மூச்சு அடைத்தது, ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

இழுப்பு உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின் வகை வலி மருந்துகள் ஆகாது, மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். ஐபுபுரூஃபன், டைக்ளோபெனாக், நம் வீடுகளில் பல்வலி என்றதும் எடுத்து நீட்டுகிற பொன்ஸ்தான் எல்லாம் அந்த வகைதான். எல்லாருக்கும் அப்படி ஆகாது, சிலருக்குத்தான். இப்போது போர்ட்டிக்சன் ராணுவப் பயிற்சி முகாமை நினைத்துப் பார். பயிற்சியில் முதலில் வலிப்பது காலும் முட்டியும். மருத்துவ உதவியாளரிடம் போனால் வலி மாத்திரை தருவார். உன் பாரத்தில் ‘இல்லை’ என்று இருந்தால் எதற்காக யோசிக்கப்போகிறார்? வெயிலில் ஓடி நீ சுருண்டு விழுந்தால் சூடு தாக்கிவிட்டது என்று உடம்பை நனைப்பதில்தான் முதலில் இறங்குவார், உனக்கு வேண்டிய மருந்து அவர் பையிலேயே கிடக்கும். காட்டுக்குள் என்றால் நாலு பேர் உன்னைத் தூக்க வேண்டும், அந்த நாலு பேரும் வந்த வேலை நின்றுபோகும். இதையெல்லாம் யோசிக்காமல் ‘யாருக்குத் தெரியப்போகுது’ என்று ஒரு பெரிய மனிதர் எப்படிச் சொல்கிறார்? தெரியாமல் இருப்பதுதானே ஆபத்து! அத்தைக்காவது ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாது. மண்டோருக்குப் பயந்து பழகிய பழக்கத்தை மாமா எதற்கு உன் தலையில் கட்டுகிறார்?

பந்து விளையாடுகிறேன் என்கிறாய், சந்தோஷம். சின்ன வயது இழுப்பு பலருக்கு வளர வளர அடங்கிவிடும். சிலருக்கு இருபதிலோ முப்பதிலோ திரும்பி வரும். புகை, தூசி, சளிக்காய்ச்சல், விடாத ஓட்டம் எல்லாம் கிளப்பிவிடும். திடலில் மூச்சு வாங்கினால் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம், அங்கே முடியாது.

எழுதினால் கழித்துவிடலாம்தான், அம்மாவின் பயம் வீண் பயம் என்று சொல்லமாட்டேன். அதனால் வெறுங்கையோடு போகாதே. 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரைப் பார். பழைய சிகிச்சைப் புத்தகம் வீட்டில் கிடந்தால் எடுத்துக்கொண்டு போ. ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுச் சோதனை செய்ய வேண்டும் என்று கேள், அங்கே வசதி இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேட்டு வாங்கு. குழாயில் பலமாக ஊதச் சொல்வார்கள், பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் வெளிவருகிற காற்று இரண்டாவது தடவையில் 12 சதவீதத்துக்கு மேலும் 200 மில்லிலிட்டருக்கு மேலும் கூடினால் இழுப்பு இன்னும் இருக்கிறது என்று சந்தேகப்படுவார்கள். கூடவில்லையென்றால் நல்ல செய்தி, ஆனால் அது ஒன்றே போதாது. கடைசியாக எப்போது மருந்து எடுத்தாய் என்பதையும் சேர்த்து டாக்டர் ஒரு கடிதம் தரட்டும், அதைப் பாரத்தோடு கொடு. அப்புறம் முடிவு அவர்கள் கையில்.

மாமா ஒத்துக்கொள்ளவில்லையென்றால் எனக்கு எழுதச் சொல், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ பட்டாளத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும், இனிமேல் யாரிடம் வலி மாத்திரை வாங்கினாலும் ‘எனக்கு முன்பு இழுப்பு இருந்தது’ என்று சொல்லிவிட்டு வாங்கு.