முதல் வீடு வாங்கப் போகிறேன், கையில் 8 லட்சம் இருக்கிறது. பத்திரச் செலவுக்கும் சேர்த்து இது போதுமா?

போதாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அட்வான்ஸ் கொடுத்த பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிவது நல்லது.

சென்னையில் 40 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட், வங்கி 80 சதவீதம் தரும் என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி 20 சதவீதமே 8 லட்சம். அதை விற்பவரிடம் கொடுத்துவிட்டால் பதிவுக்கு எதைக் கொண்டு போவீர்கள்? மறுவிற்பனை ஃபிளாட்டுக்கு இன்று முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். இது முழுக்க உங்கள் கைக்காசு. வீட்டுக் கடன் கணக்கிடும்போது முத்திரைத்தீர்வையையும் பதிவுச் செலவையும் வீட்டின் விலையில் சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 10 லட்சத்துக்குள் இருக்கும் வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. சென்னையில் அந்த விலைக்கு வீடு எங்கே இருக்கிறது?

இதை 2022-இல் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் என் அம்மாவின் நகை பதினான்கு மாதம் அடகுக் கடையில் இருந்திருக்காது.

நானும் என் கணவரும் பல்லாவரம் பக்கம் 36 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பேசினோம். இரண்டு படுக்கையறை, இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் சொந்த வீடு வாங்கும் முதல் ஆட்கள் நாங்கள்தான். அதனால் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் இல்லை. ஒன்பது வருடம் சேர்த்த 8 லட்சம் கையில் இருந்தது. 28 லட்சத்து 80 ஆயிரம் கடன், 7 லட்சத்து 20 ஆயிரம் எங்கள் பங்கு, மிச்சம் 80 ஆயிரத்தில் தரகர் கமிஷன், வக்கீல், வீடு மாற்றும் செலவு. நோட்டில் எழுதி வைத்து நிம்மதியாக இருந்தோம். பத்திரச் செலவு கடனுக்குள் வந்துவிடும் என்று நினைத்தோம். கடன் அனுமதிக் கடிதம் வாங்கப் போன அன்று வங்கியில் இருந்தவர், “பத்திரச் செலவு தனி மேடம், அதுக்கு நாங்க தர முடியாது” என்றார். அப்போது தமிழ்நாட்டில் 7-உம் 4-உம் சேர்ந்து 11 சதவீதம். 3 லட்சத்து 96 ஆயிரம். அட்வான்ஸ் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பின்வாங்கினால் அட்வான்ஸ் போய்விடும்.

விற்பவரிடம் போய் நின்றோம். தெருவாரியாக அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பை வைத்து அவர் ஒரு வழி சொன்னார். “வழிகாட்டி மதிப்பு இருபத்திரண்டுதாம்மா வருது. பத்திரத்துல அதையே போட்டுக்கலாம். மீதிப் பதினாலைக் கையில கொடுத்திடுங்க.” தரகரும் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். கணக்குப் பார்த்தால் எங்களுக்கு 1 லட்சத்து 54 ஆயிரம் மிச்சம். ஆனால் பத்திரத்தில் 22 லட்சம் என்று இருந்தால் வங்கி 22 லட்சத்துக்குத்தான் 80 சதவீதம் தரும். கடனில் 11 லட்சத்து 20 ஆயிரம் குறைந்துவிடும். ஒன்றரை லட்சத்தை மிச்சம் பிடிக்கப் பதினொரு லட்சத்துக்கு எங்கே போவது? அதோடு சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

முத்திரைத்தீர்வை என்ற இந்த வரியின் அநியாயம் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். பெட்டியில் ரொக்கம் வைத்திருப்பவர் வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். சம்பளத்தைக் காட்டிக் கடன் வாங்குகிறவர்தான் முழு விலையையும் எழுதி, முழு வரியையும் கட்டுகிறார். அவரிடம் அந்தப் பணம் கையில் இல்லாததால்தான் கடனே வாங்குகிறார். அவரிடமே ஒரே நாளில் முழுத் தொகையையும் வை என்கிறது அரசு.

நாங்கள் முழுத் தொகைக்குத்தான் பத்திரம் போட்டோம். என்னை ஏமாளி என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு அதில் பெருமைதான். கணவரின் பி.எஃப்.-இல் 1 லட்சத்து 40 ஆயிரம் எடுத்தோம். நான் போட்டிருந்த ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டைத் தள்ளி எடுத்ததில் 82 ஆயிரம் வந்தது. மீதிக்கு அம்மா தன் வளையல்களையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார், ஆறரைப் பவுன், 1 லட்சத்து 75 ஆயிரம் கிடைத்தது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பதிவன்று புகைப்படம் எடுத்து, கைரேகை வைத்துவிட்டு வெளியே வந்தபோது வெறும் கழுத்தோடு நின்று எனக்குத் திருநீறு பூசிவிட்டார். வீடு வாங்கிய சந்தோஷம் அன்று எனக்கு வரவே இல்லை.

அரசுக்கு வருமானம் வேண்டாமா என்று யாராவது கேட்பீர்கள். வேண்டும். அந்த 7 சதவீதத்தில் 2 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போகிறது என்பதும் தெரியும். வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடியிருக்க முதல் வீடு வாங்குபவரும் நான்காவது ஃபிளாட்டை முதலீடாக வாங்குபவரும் ஒரே விகிதம் கட்டுவது சரியா என்றுதான் கேட்கிறேன். சிங்கப்பூரில் முதல் வீடு வாங்கும் குடிமகனுக்கு அடிப்படைத் தீர்வை மட்டும்தான். இரண்டாவது வீடு என்றால் மேலே இன்னொரு 20 சதவீதம். இங்கிலாந்தில் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் போகாத வீட்டை முதன்முதலாக வாங்குபவர், முதல் 3 லட்சம் பவுண்டுக்கு எதுவும் கட்ட வேண்டாம். நம் ஊரில் முதல் வீடு என்ற கணக்கே கிடையாது. பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை என்று 2025 ஏப்ரலில் கொண்டுவந்தார்கள். வரவேற்கிறேன். அதற்கும் உச்சவரம்பு 10 லட்சம். டெல்லியில் பெண்கள் ஆண்களைவிட 2 சதவீதம் குறைவாகத்தான் முத்திரைத்தீர்வை கட்டுகிறார்கள்.

2017-இல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 1-இலிருந்து 4 சதவீதமாக்கினார்கள். 2023-இல் அதை 2 ஆக்கினார்கள். நாங்கள் ஒரு வருடம் பொறுத்திருந்தால் 72 ஆயிரம் மிச்சம். இதை அப்போது யார் கண்டார்கள். இன்று அந்த வீட்டின் விலையும் 36 லட்சம் இல்லை.

சரி, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்டதற்கு நேரடிச் சம்பந்தம் இல்லைதான். நகையை மீட்க நாங்கள் நம்பியிருந்தது பழைய வாடகை வீட்டின் அட்வான்ஸ் 90 ஆயிரத்தை. ஆறு வருடம் ஒரு மாத வாடகைகூடத் தாமதிக்காமல் கொடுத்த வீடு. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க 22 ஆயிரம், குழாய் மாற்ற 10 ஆயிரம் என்று பிடித்துக்கொண்டு 58 ஆயிரம் தந்தார் வீட்டுக்காரர். ஆறு வருடம் குடியிருந்தால் சுவர் மங்காதா? வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 2017-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்காத வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. அந்த 32 ஆயிரம் இருந்திருந்தால் சங்கிலியையாவது முன்பே மீட்டிருப்போம். இன்றும் அந்தத் தெரு வழியாகப் போனால் மனசு கொதிக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பதிவுத் துறை இணையதளத்தில் அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள். விற்பனை விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் 9 சதவீதம். வங்கிக்கு மூலப்பத்திரத்தை ஒப்படைக்கும் அடமானப் பதிவுக்கும் தனியாகக் கட்டணம் உண்டு, எங்களுக்கு இருபதாயிரம் ஆனது. வருமான வரியில் பழைய முறையில் இருந்தால் பத்திரச் செலவை, 80சி என்று சொல்லப்படும் ஒன்றரை லட்சம் வரையிலான கழிவில் காட்டலாம். பி.எஃப்., பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்ந்து அந்த ஒன்றரை லட்சம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் ஒரு பைசா பயனில்லை, எனக்கு அப்படித்தான் ஆனது.

புது ஃபிளாட் வாங்க முடியுமா என்றும் பாருங்கள். 2023 டிசம்பரிலிருந்து கட்டுநரிடம் முதல் விற்பனையாக 50 லட்சம் வரை வாங்கினால் தீர்வை 4, பதிவு 2, மொத்தம் 6 சதவீதம்தான். ஆனால் கட்டி முடித்ததற்கான சான்று வருவதற்கு முன் வாங்கினால் ஜிஎஸ்டி 5 சதவீதம் சேரும். சென்னையில் 45 லட்சத்துக்குள், 60 சதுர மீட்டர் கார்ப்பெட் ஏரியாவுக்குள் (வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பு) இருந்தால் அது 1 சதவீதம்.

இந்தப் பழைய ஃபிளாட்தான் என்றால் கையில் 12 லட்சமாவது சேரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் அவருக்கு வேறு ஆள் கிடைக்கட்டும்.