சொப்பு விளையாடும் பையன்

வணக்கம். என் பையனுக்கு ஐந்து வயது. சொப்பு வைத்துச் சமைத்து விளையாடுவதில் அவ்வளவு பிரியம். போன வாரம் மாமனார், "ஆம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு?" என்று அதைப் பிடுங்கி வைத்துவிட்டு கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுத்தார். பையன் அழுதான், அழுததற்குத் தனியாக ஒரு திட்டு. இதை மாற்றுகிற மாதிரி குழந்தைப் புத்தகம் இருந்தால் சொல்லுங்கள். பையனுக்கா மாமனாருக்கா என்று கேட்காதீர்கள்.

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வீட்டுக் கதையை 1972-லேயே அமெரிக்காவில் சார்லட் ஸோலடோவ் எழுதிவிட்டார். 'வில்லியம்ஸ் டால்' என்று பெயர். வில்லியம் பொம்மை கேட்கிறான். பக்கத்து வீட்டுப் பையன் கேலி செய்கிறான். அப்பா கூடைப்பந்தும் ரயிலும் வாங்கித் தருகிறார். கடைசியில் பாட்டிதான் பொம்மை வாங்கித் தருகிறாள். நாளைக்கு இவனும் அப்பாவாகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பழக வேண்டாமா என்று அப்பாவுக்கு எடுத்துச் சொல்கிறாள்.

நல்ல புத்தகம்தான். ஆனாலும் எனக்கு ஓர் உறுத்தல். பையன் பொம்மை வைத்து விளையாட ஒரு எதிர்காலப் பயன் காட்ட வேண்டியிருக்கிறது. பந்துக்கு யாரும் அப்படிக் காரணம் கேட்பதில்லை. போதாக்குறைக்கு, வில்லியம் கூடைப்பந்தும் நன்றாக ஆடுவான் என்று வேறு நம்மைத் தேற்றுகிறார்கள்.

அதனால் என் ஓட்டு 1936-இல் வந்த 'தி ஸ்டோரி ஆஃப் ஃபெர்டினாண்ட்' என்ற காளைக் கதைக்கு. மன்ரோ லீஃப் எழுத, ராபர்ட் லாசன் படம் வரைந்தது. மற்ற காளைகள் முட்டிக்கொண்டிருக்க, ஃபெர்டினாண்ட் மரத்தடியில் உட்கார்ந்து பூ மோந்துகொண்டிருக்கும். அம்மா பசு ஒரு தடவை விசாரிக்கிறாள். பிள்ளை சந்தோஷமாகத்தான் இருக்கிறான் என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறாள். தேனீ கொட்டித் துள்ளியதைப் பார்த்து, முரட்டுக் காளை என்று காளைச் சண்டைக்காக மாட்ரிட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். அங்கே பெண்களின் தலையில் இருக்கும் பூ வாசனை வந்ததும் மைதானத்தின் நடுவில் உட்கார்ந்துவிடுகிறது. திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான். எந்தத் திறமையையும் காட்டி மன்னிப்பு வாங்கவில்லை. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஸ்பெயினில் இதைத் தடை செய்தார்கள் என்றால் பாருங்கள்.

இன்னொன்று. 2024-இல் கேரளத்தின் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா சமையலறையில் தேங்காய் துருவுகிற மாதிரி படம் போட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பேச்சைவிட அந்த மாதிரிப் படம்தான் ஒட்டும். இனி புத்தகம் வாங்குமுன், படத்தில் அப்பா எங்கே இருக்கிறார், பேப்பரும் கையுமாக நாற்காலியிலேயேவா என்று புரட்டிப் பாருங்கள்.

மாமனாரிடம் வில்லியத்தைக் கொடுத்துவிடாதீர்கள், தனக்குத்தான் பாடம் நடக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். ஃபெர்டினாண்டைக் கொடுத்து, ராத்திரி பேரனுக்குப் படத்தைக் காட்டித் தமிழில் கதை சொல்லச் சொல்லுங்கள். காளைக் கதைதானே, மறுக்க மாட்டார்.